ஜெயம்மா நின்ற மூலை

என் தங்கச்சி வீட்டுப் பேய்க்கு நான் கெட்டி அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தேன். இடது பக்கத்தில் என்ன நடந்தது, வலது பக்கத்தில் ஏன் நடந்தது. இடது பக்கம் தங்கச்சி தனுஜா சொல்லச் சொல்ல எழுதியது. வலது பக்கம் நான் நிரப்பியது. ஒன்பதாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறவளுக்கு ஒரு பேயைச் சமாளிக்க எத்தனை பக்கம் தேவைப்பட்டுவிடும் என்றுதான் ஆரம்பித்தேன். பதினேழு பக்கம் தீர்ந்தது. பேய் தீரவில்லை.

தனுஜா இருப்பது தெஹியோவிட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிற ஒரு ரப்பர் தோட்டத்தில். பழைய லயம், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய ஒட்டு வீடுகள். முன்னால் திண்ணை மாதிரி இஸ்தோப்பு, நடுவில் படுக்க ஒரே காம்பிரா, பின்னால் சமைக்கக் குசினி. அதற்குள்தான் அவள், அவள் புருசன் சதீஸ், மாமியார் மூக்காயி, போன புரட்டாசிக் கடைசியில் பிறந்த பெண் குழந்தை எல்லாரும். சதீஸ் டவுனில் திரீவீல் ஓட்டுகிறான். விடியப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவான். தீட்டுக் கழிகிற வரைக்கும் ஆம்பிளை இஸ்தோப்பில்தான் படுக்க வேண்டும் என்பது மூக்காயி அம்மாவின் சட்டம். நான் டவுனில் அறை எடுத்துத் தனியாக இருக்கிறேன். எனக்குச் சட்டம் போட ஆளில்லை.

அந்த வீட்டில் எனக்குப் பெருமையாக இருந்த ஒரே பொருள் நான் போட்டுக் கொடுத்த சீலிங். லயத்துத் தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் சுற்றிவர ஒரு சாண் இடைவெளி இருக்கும். வெள்ளைக்காரன் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான். அந்த வழியாகச் சருகு வரும், பூரான் வரும், பக்கத்துக் காம்பிராச் சண்டையும் வரும். பிறக்கப்போகிற பிள்ளை இதற்குக் கீழேயா படுக்கும் என்று ஆவணியிலேயே டவுனிலிருந்து றிஸ்மி என்கிற தம்பியைக் கூட்டி வந்து வெள்ளை பிளாஸ்டிக் சீலிங் அடிப்பித்தேன். ஜன்னலுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தேன்.

"டீச்சர், ஓரத்தில கொஞ்சம் எடம் விட்டு அடிக்கவா?" என்று றிஸ்மி கேட்டான்.

"எடம் விட்டா பூரானும் வரும் தம்பி. நல்லா ஒட்ட அடிங்க," என்றேன்.

லயமே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. மூக்காயி அம்மா மட்டும், "பொட்டிக்குள்ள படுத்த மாதிரி இருக்கு," என்றார். புதிதாக எது வந்தாலும் அந்த அம்மாவுக்கு ஒரு முகச்சுளிப்பு உண்டு. நான் சிரித்துக்கொண்டேன்.

பிள்ளை பிறந்து பத்தாவது நாள் தனுஜா எனக்குப் போன் எடுத்தாள். மழை இரைச்சலில் குரல் பாதிதான் கேட்டது.

"அக்கா, அலுமாரிப் பக்கம் ஒரு பொம்பள நிக்கிறா."

"யாரு?"

"தெரியல. தல ஈரமா இருக்கு. இடது கைய அலுமாரியில வச்சுக்கிட்டு புள்ளையையே பாக்குறா."

அவ்வளவுதான். மூக்காயி அம்மா அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். ஜெயம்மா. இருபத்தி மூன்று வருசத்துக்கு முன்னால், ரோட்டில் மண் சரிந்து வாகனம் போக முடியாத ஒரு ஐப்பசியில், மூக்காயி அம்மாவின் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்து, அதே காம்பிராவில் பிள்ளை பெறமுடியாமல் செத்துப்போன பெண். பிள்ளை ஏக்கத்தோடு போனவள் பிள்ளை பெற்ற வீட்டைத்தான் தேடுவாளாம். லயத்தில் யாருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை.

பெயர் வந்தபிறகு எல்லாச் சத்தமும் ஜெயம்மாவின் கணக்கில் ஏறியது. கூரையில் கல் விழுகிறது என்றார்கள். ரப்பர் மரத்துக்குக் கீழே பிறந்து வளர்ந்த ஜனம்! காய் வெடித்துக் கொட்டை தகரத்தில் விழுகிற சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டவர்கள்! ஒரு கொட்டையைப் பொறுக்கி மூக்காயி அம்மாவின் கையில் வைத்தேன். "இது கொட்டதான். யாரு எறிஞ்சதுன்னு கேக்குறேன்," என்றார். மேலே யாரோ நடக்கிறார்கள் என்றார்கள்; சீலிங்குக்கும் தகரத்துக்கும் நடுவில் மரநாய் ஓடுகிறது என்று அதன் எச்சத்தையே எடுத்துக் காட்டினேன். கதவு தானாகத் திறக்கிறது என்றார்கள். தரையில் ஒரு போத்தலைப் படுக்க வைத்தேன், அது உருண்டு வாசலுக்குப் போனது. தரை சரிவு, கதவு சரிகிறது, அவ்வளவுதானே? பக்கத்து வீட்டுப் பெண் போத்தல் உருண்டதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். இன்றைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்தால் கிழித்து அடுப்பில் போடவேண்டும் போல இருக்கிறது.

ஏனென்றால் வலது பக்கம் நிரம்பாத வரிகள் சில இருந்தன. ஈரத் தலையோடு நிற்கிற பெண். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி பாரம். காதுக்குள் தொம் தொம் என்று காலடி. தலைவலி. இந்த நான்கையும் தனுஜா திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பெண்ணை மட்டும் ஐந்து தரம் எழுதியிருக்கிறேன்: ஈரத் தலை, இடது கை, அலுமாரி. வலது பக்கத்தில் முதலில் 'பயம்' என்று எழுதினேன். பிறகு 'தூக்கமின்மை' என்று எழுதினேன்.

மூக்காயி அம்மா தன் பங்குக்குக் காவல் போட்டார். நிலைக்கு மேலே வேப்பிலை. தலையணைக்குக் கீழே அரிவாள். ஜெயம்மா நுழையாமலிருக்க ஜன்னல் சந்து, கதவுச் சந்து எல்லாவற்றிலும் பழைய சேலைக் கிழிசல். சதா மூடிய கதவு. உள்ளே எப்போதும் தணல். இது மட்டும் பேய்க்காக இல்லை. ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்தில் பிள்ளைத் துணி எங்கே காயும்? சிரட்டைக் கரியைத் தணலாக்கிச் சட்டியில் போட்டு, மேலே கோழி கவிழ்க்கிற கூடையை வைத்து, கூடைமேல் துணியைப் பரப்பிவிடுவார்கள். நானும் தனுஜாவும் அப்படிக் காய்ந்த துணியில் வளர்ந்தவர்கள்தான். புகையில்லாத தணல், அறைக்கு நல்ல சூடு, குளிருக்குப் பிள்ளைக்கும் இதம். அந்த அம்மா செய்ததிலேயே எனக்குக் குறை தெரியாத ஒரே காரியம் அது.

மிட்வைஃப் மிஸ் வந்து பார்த்துவிட்டு, "லமயா நிதிமத வெடியி," என்று சிங்களத்தில் சொன்னார். பிள்ளை அளவுக்கு மீறித் தூங்குகிறது, பாலும் சரியாகக் குடிக்கவில்லை. அதற்கும் மூக்காயி அம்மாவிடம் பதில் தயாராக இருந்தது. "அவ உறிஞ்சிறா மிஸ்."

நான் கத்திவிட்டேன். மறுநாளே தாயையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நாள் வார்டில் வைத்தார்கள். தலைவலி போய்விட்டது. ஜெயம்மா வரவில்லை. குழந்தை முழித்து முழித்துப் பார்த்தது, பசித்து வீறிட்டது. தனுஜா சிரித்தாள், நான் ஆக்கிக் கொண்டுபோன சோற்றில் உப்பில்லை என்று குறைகூடச் சொன்னாள்.

"பாத்தீங்களா டீச்சர், அவ வீட்ட விட்டு இங்க வரமாட்டா," என்றார் மூக்காயி அம்மா.

"வீட்டுல நீங்க பயங்காட்டுறீங்க, இங்க பயங்காட்ட ஆளில்ல," என்றேன் நான்.

வீட்டுக்கு வந்ததும் திரும்ப மழை பிடித்தது. மூன்றாவது நாள் திரும்பவும் போன். "அக்கா, வந்துட்டா."

அப்போதுதான் நான் அந்த வார்த்தையை எழுதினேன். டொக்டரிடம் நானே போய்ப் பேசினேன், என் கொப்பியைக் காட்டினேன். பிள்ளை பெற்ற பிறகு சிலருக்கு மனம் பேதலிக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், மனநலக் கிளினிக்குக்குக் கூட்டி வாங்க, அதுவரை பிள்ளையோடு தனியாக விடாதீங்க என்றார். அவளைப் பார்க்காமல், நான் சொன்னதை மட்டும் கேட்டு அவர் சொன்னது. பதினேழாம் பக்கத்தின் வலது புறத்தில் 'மனநோய்' என்று எழுதினேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை. கணக்கு முடிந்த மாதிரி ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிள்ளையைக் கொஞ்ச நாளைக்குக் கலவானையில் இருக்கிற சதீஸின் அக்காவிடம் விடுவது என்று முடிவானது. பேய் பிடித்தவளிடம் பிள்ளை இருக்கக்கூடாது என்று மூக்காயி அம்மா சொன்னார். மனம் சரியில்லாதவளிடம் பிள்ளை இருக்கக்கூடாது என்று நான் சொன்னேன். நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போன ஒரே விசயம் அதுதான். கலவானை அக்காவுக்குப் போன் எடுத்து, "தனுஜாவுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறுது," என்று விளக்கியதும் நானே. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வந்து பிள்ளையைத் தூக்கிப்போவதாகச் சொன்னார்.

இதைத் தனுஜாவுக்குப் பக்குவமாகச் சொல்லத்தான் சனிக்கிழமை காலையில் அங்கே போனேன். மழை. திருத்துவதற்கு மாதப் பரீட்சைத் தாள்களையும் கொண்டு போயிருந்தேன். உள்ளே போனதும் மூக்காயி அம்மா கதவைச் சாத்தி, சந்தில் சேலைக் கிழிசலைத் திணித்துவிட்டு, குசினிப் பக்கம் போனார். கூடைமேல் நாலைந்து நாப்பித் துணி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. தனுஜா கட்டிலில் வெளிறிப்போய்க் கிடந்தாள். பிள்ளை அவள் கைக்குள் தூங்கியது.

நான் பக்குவமாகத்தான் சொன்னேன். நாளைக்கு அண்ணி வருவாங்க, கொஞ்ச நாளைக்குத்தான், நீ குணமானதும் திரும்ப வந்துடும் என்று. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நீயும் சரின்னுட்டியா?"

"உன் நல்லதுக்குத்தான் தனு. இது மனசுல வர்ற ஒரு வியாதி. மருந்து இருக்கு."

"அத்த பேய்னு சொன்னாங்க. அப்பக்கூட நான் பாத்தது உண்மன்னுதான் சொன்னாங்க," என்றாள். "நீ ஒருத்திதான் நான் பாக்கவே இல்லங்குற."

பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் தூக்கக் கை நீட்டினேன், தரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை பஸ் ஏறி இறங்கினது யாருக்காக? விழலுக்கு இறைத்த நீர். முக்காலியை இழுத்து, தணலுக்குப் பக்கத்தில் காலைக் காயவைத்துக்கொண்டு தாள் திருத்த உட்கார்ந்தேன். அவள் பேசுகிற வரைக்கும் நகர்வதில்லை என்று.

மூன்று மணி நேரம் போயிருக்கும். தலை வலித்தது. தேத்தண்ணி குடிக்காததால் என்று நினைத்தேன். எழுத்து இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். காதுக்குள் தொம் தொம் என்றது. என் நாடித் துடிப்பு என்று நினைத்தேன். பாருங்கள், அப்போதும் எனக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

தலையைத் தூக்கினேன். அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் நின்றாள்.

ஈரத் தலை. இடது கை அலுமாரியில். முகம் பிள்ளையின் பக்கம். சேலை என்று நினைத்தேன். சேலை எதிர்ச் சுவர்க் கொடியில் கிடந்தது. நிழல் என்று நினைத்தேன்; நிழல் விழ அங்கே வெளிச்சமில்லை. கண்ணை மூடி ஒன்பதாம் வாய்ப்பாட்டைச் சொன்னேன். ஆறொன்பது வரைக்கும்தான் வந்தது. கண்ணைத் திறந்தேன், நின்றாள். எனக்குப் பயமாக இருந்தது. இதை எழுதுவதற்கு எனக்கு இஷ்டமில்லை.

எழுந்தேன். முழங்கால் மடங்கிவிட்டது. தவழ்ந்துபோய்க் கதவை இழுத்தேன். இஸ்தோப்பில் விழுந்து, மழைத் தூவானம் முகத்தில் அடிக்க அடிக்க வாந்தி எடுத்தேன். சத்தம் கேட்டு மூக்காயி அம்மா ஓடிவந்தார்.

"புள்ளையத் தூக்குங்க," என்றேன். "ரெண்டு பேரையும் வெளிய கொண்டாங்க!"

ஏன் என்று கேட்கவில்லை அந்த அம்மா. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே பாய்ந்து பிள்ளையை ஒரு கையிலும் தனுஜாவை மறு கையிலுமாக இழுத்து வந்து என் பக்கத்தில் போட்டார். நான் விளக்கம் சொல்லியிருந்தால் பத்துக் கேள்வி கேட்டிருப்பார்.

"டீச்சரும் பாத்துட்டாங்க!" என்று லயத்துக்கே கேட்கக் கூவினார்.

"நான் ஒண்ணும் பாக்கல. மயக்கம் வந்துச்சு," என்றேன். பொய். வாய் தானாகச் சொன்ன பொய்.

வெளிக்காற்றில் அரைமணி நேரத்தில் தலை கொஞ்சம் தெளிந்தது. என் கையில் ஒரு பரீட்சைத் தாள் கசங்கிப்போய் இருந்தது. விழும்போது பிடித்துக்கொண்டே வந்திருக்கிறேன். நாலாம் கேள்வி. காற்றுப் போதாமல் கரி எரியும்போது உண்டாகும் நச்சு வாயு எது? என் மாணவி அழகாக எழுதியிருந்தாள்: காபனோரொட்சைட்டு, நிறமில்லை, மணமில்லை. நான் சரி போட்டிருந்தேன். தணல் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாயுவையே குடித்துக்கொண்டு, சரி போட்டிருந்தேன். வருசா வருசம் கரும்பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைக்கிறவளும் நான்தான்.

கொப்பியை எடுத்துத் தேதிகளைப் பார்த்தேன். ஜெயம்மா வந்த நாள் ஒவ்வொன்றும் மழை நாள். வெயில் நாளில் துணி கொடியில் காயும், தணல் உள்ளே வராது, ஜெயம்மாவும் வரமாட்டாள். என் கையெழுத்திலேயே அது அங்கே இருந்தது. மூக்காயி அம்மா குசினிக்கும் வெளிக்குமாக நடக்கிறவர், அதனால் தப்பியிருக்கிறார்.

சதீஸைக் கூப்பிட்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒட்சிசன் வைத்து இரவு பார்த்துக்கொண்டார்கள். டொக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வென்ன புளுவன்," என்றார். இருக்கலாமாம். ரத்தத்தில் இருந்த வாயு நாங்கள் வந்து சேருவதற்குள் பெரும்பாலும் இறங்கியிருக்கும், இனி உறுதியாகச் சொல்வது கஷ்டம், எதற்கும் அந்த அறையில் தணல் வேண்டாம் என்றார். எனக்கு வேண்டியது 'ஆம்' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கிடைத்தது 'இருக்கலாம்'. தனுஜா அந்த இரவு முழுக்க என்னோடு பேசவில்லை. பிள்ளையையும் என் கையில் தரவில்லை.

ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தால், கலவானை அக்கா பால்மா டின்னும் புதுத் துணியும் நிரம்பிய பையோடு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தார். பத்தரை பஸ்ஸுக்குத் திரும்பவேண்டுமாம்.

நான் நிற்க வைத்துப் பாடம் நடத்தினேன். சட்டியைக் காட்டினேன், கூடையைக் காட்டினேன், கொப்பியில் மழைத் தேதிகளைக் காட்டினேன். "இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. தணல் வாயு. அதுதான் தலைக்கு ஏறி இல்லாதத காட்டுது. புள்ளையக் கொண்டுபோக ஒரு அவசியமும் இல்ல."

மூக்காயி அம்மா நிதானமாக வெற்றிலையை மென்றார். "டீச்சர், நான் நாலு புள்ள பெத்தேன். நாலும் இதே காம்பிரா. இதே சட்டி. இதே கூடை. எங்களுக்கு ஒண்ணும் வரலியே?"

நியாயமான கேள்வி. என் வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் கெட்டிக்காரி என்று முதுகில் தட்டியிருப்பேன். அதே அறை, அதே தணல். வேறு என்ன மாறியது?

அண்ணாந்து பார்த்தேன்.

வெள்ளையாக, ஒரு ஈர்க்கு நுழைய இடமில்லாமல், சுவரோடு சுவராக ஒட்ட அடித்த சீலிங். நூறு வருசமாக அந்த ஒரு சாண் வழியாகத்தான் எல்லா வாயுவும் வெளியே போயிருக்கிறது. பொட்டிக்குள் படுத்த மாதிரி இருக்கு என்று அந்த அம்மா சொன்னார். எடம் விடவா என்று றிஸ்மி கேட்டான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

"மம்பட்டி எங்க?" என்றேன்.

மேசையை இழுத்துப்போட்டு ஏறினேன். மம்பட்டிப் பிடியால் ஓரத்தில் ஓங்கிக் குத்தினேன். முதல் பலகை பிளந்து என் தோளில் விழுந்தது. அழுதேனா ஏசினேனா என்று தெரியவில்லை, இரண்டும் வந்தது. குத்தக் குத்தச் சருகும் மரநாய் எச்சமும் தலையில் கொட்டியது. சதீஸ் பயந்து வாசலிலேயே நின்றான். மேசை ஆடாமல் பிடித்துக்கொண்டது மூக்காயி அம்மாதான்.

நாலு பக்கமும் தகரத்து ஓரம் தெரிந்து, காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போனது. "ஆமா," என்றார் மூக்காயி அம்மா மேலே பார்த்து. "பாவம், அவளுக்கும் வெளிய போக ஒரு வழி வேணுமில்ல."

பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். எப்படிப் போனாலும் போகட்டும். ஆனால் கலவானை அக்கா பையைக் கீழே வைக்கவில்லை.

"டீச்சர், வாயு வாயுங்கிறீங்க. டொக்டரே இருக்கலாம்னுதானே சொன்னாரு? வாயு எப்பிடி பொம்பள மாதிரி நிக்கும்? தனுஜாவுக்குப் புத்தி தடுமாறுதுன்னு நீங்கதான் போன்ல சொன்னீங்க. இன்னைக்கு இல்லங்குறீங்க. நான் எத நம்புறது? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

சதீஸ் என்னைப் பார்த்தான். "அக்கா, வாயுவோ பேயோ எனக்கு விளங்காது. இவ மண்டையில ஒண்ணும் இல்லன்னு நீங்க நிச்சயமா சொல்லுங்க. இல்லாட்டி அக்காகூட அனுப்பத்தான் வேணும்."

நிச்சயமா. நான் எதைச் சொல்லி நிச்சயப்படுத்துவது? கொப்பியில் பதினேழாம் பக்கம் அப்படியே கிடக்கிறது, என் கையெழுத்தில்.

தனுஜா வாசற்படியில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, நீ பாத்தியா இல்லயா?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். மூக்காயி அம்மா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார். நான் ஆம் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மத்தியானத்துக்குள் லயம் முழுக்கப் பரவும். தோட்டத்துப் பிள்ளைகளும் படிக்கிற என் ஒன்பதாம் ஆண்டு மொத்தமும் திங்கட்கிழமை, "டீச்சர், ஜெயம்மா எப்பிடி இருந்தா?" என்று கேட்கும். இனி இந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு நான் பேயில்லை என்று படிப்பிப்பது?

"பாத்தேன்," என்றேன்.

"எப்பிடி?"

"தல ஈரம். இடது கை அலுமாரியில. புள்ளையப் பாத்துக்கிட்டு நின்னா. நீ சொன்ன மாதிரியே. எனக்கு மூத்திரம் வந்துடும் போல பயமா இருந்துச்சு தனு. நேத்துப் பொய் சொல்லிட்டேன்."

அதற்கும் காரணம் இருக்கிறது. அந்த வரியை ஐந்து தரம் எழுதியவள் நான்; தலை மயங்கும்போது எழுதியதுதான் கண்ணில் நிற்கும். வேண்டிய அளவு விளக்க முடியும். நான் விளக்கவில்லை. நான் பார்த்ததை எழுதிய வரியின் வலது பக்கம் அன்றைக்கு வெறுமையாகவே கிடந்தது.

கலவானை அக்கா மெதுவாகப் பையைக் கீழே வைத்தார். "டீச்சருக்கே அப்பிடின்னா இவ என்னா செய்வா, பாவம்," என்று பால்மா டின்னை எடுத்து ஓரமாக வைத்தார். பத்தரை பஸ் கீழே ஹோன் அடித்துவிட்டுப் போனது. அவர் எழும்பவில்லை. மூக்காயி அம்மா அதற்குள் பக்கத்துக் காம்பிரா வாசலுக்குப் போய்விட்டார். "நான் அப்பவே சொன்னேன்ல," என்ற குரல் இங்கே வரைக்கும் கேட்டது. இந்தத் தடவை சுவர் ஓரத்து இடைவெளி வழியாகவும் கேட்டது.

தனுஜா எழுந்து என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவ நின்னப்பல்லாம் அத்த வந்து எனக்கும் அந்த மூலைக்கும் நடுவுல படுத்துக்குவாங்கக்கா," என்றாள். "நீ கொப்பியத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுக்குப் போயிருவ."

என் தலையில் இருந்த சருகை அவள் ஒன்று இரண்டாக எடுத்துப் போட்டாள். பிறகு பிள்ளையை என் பக்கம் நீட்டினாள்.

"புடி. நான் போய் இந்தக் குப்பையக் கூட்டணும்," என்றாள். "தலையத் தாங்கிப் புடி அக்கா, ஒனக்குப் புடிக்கத் தெரியாது."